முதலில் அம்மா போகட்டும்

ஒரு வழியாக நீதிபதி காரை விட்டு இறங்கினார். அவரைக் காரில் ஏற்றுவதற்கே இரண்டு வாரம் பிடித்தது. இறங்கியவர் மருத்துவமனையின் முகப்பை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு பெரிய கட்டடம் தன்னைக் கண்டு எழுந்து நிற்கவில்லையே என்கிற குறை அவர் முகத்தில் தெரிந்தது.

ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் வீட்டிலும் தெருவிலும் அவர் நீதிபதிதான். மூத்த மகளுக்குப் பெரியவள் என்று பெயர். அதே மருத்துவமனையில் ஸ்கேன் டெக்னீஷியன். ஊரார் மூளையைக் கறுப்பும் வெள்ளையுமாகப் பார்த்துப் பார்த்துத் தன் கண்ணுக்குக் கீழேயும் கறுப்பாக வளையம் போட்டுக்கொண்டவள். அன்று காலையிலேயே அவளுக்குக் கால் கடுத்தது. நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

வீட்டில் நீதிபதியின் மேல் குற்றங்கள் குவிந்துகொண்டே போனதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டார். வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எல்லாம் அம்மா போனில் சொன்ன புகார்கள். அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நீதிபதி ஒரே பதில்தான் சொன்னார்: "இருக்கும்."

பெரியவளைக் கதிகலங்க வைத்தது அடுப்பும் இல்லை, சாவியும் இல்லை. இந்த 'இருக்கும்'தான். தப்பு என்கிற சொல்லை ஆயுள் முழுவதும் அடுத்தவருக்காக மட்டுமே செலவழித்த மனிதர் அவர். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனால்கூட, அது செருப்பின் அலட்சியம். அப்படிப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்றால் மூளையில் எங்கேயோ கரையான் ஏறிவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். தம்பியும் அதையே சொன்னான். அக்காவும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

மருத்துவமனை அன்று கல்யாண வீடு மாதிரி இருந்தது. 'முந்தி அறிவோம்' என்ற புதிய திட்டத்துக்குத் திறப்பு விழா. வாசலில் ஒரு மூளைக்குக் கைகால் முளைத்து, அது எல்லோரையும் பார்த்துச் சிரித்துக் கும்பிடுகிற மாதிரி பேனர். சிரிக்கிற மூளையை வரைந்தவர் நிஜ மூளையைப் பார்த்திருக்கமாட்டார் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

திட்டம் நல்ல திட்டம்தான். அதில் பொய் இல்லை. அல்சைமர் என்கிற மறதி நோய் ஆளிடம் தெரியவருவதற்குப் பல வருஷங்கள் முன்பே மூளையில் படிவு சேர ஆரம்பித்துவிடும். அந்தப் படிவில் போய் ஒட்டிக்கொள்கிற மருந்தை ஊசியில் ஏற்றி, படம் எடுத்துப் பார்த்தால், வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கெட்ட படத்தை அடையாளம் கண்டுபிடிக்க, பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல படமும் வேண்டுமே. மாடிக்கு மாடி டாக்டர்கள் இருந்தும் நல்ல மூளைக்கு மருத்துவமனைக்கு வெளியேதான் ஆள் தேடவேண்டியிருந்தது. கடைசியில் சுலபமான வழியைப் பிடித்தார்கள். நோயாளியோடு கூடவே வருகிற கணவனோ மனைவியோ போதும். வயதும் ஒத்துவரும், காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு வேலையும் ஆகும்.

அப்படித்தான் அம்மாவின் பெயர் 'நல்ல மூளை' பக்கத்தில் ஏறியது.

ஊசி அறை வாசலில் நீதிபதி நின்றுவிட்டார். மருந்து காலையில் காரில் வந்து இறங்கியிருந்தது. நிமிஷத்துக்கு நிமிஷம் வலு குறைகிற கதிரியக்க மருந்து. பெரியவள் அதை எடுத்துச் சொன்னாள். நீதிபதி காதில் வாங்கவில்லை.

"அவ முதல்ல போகட்டும்," என்றார்.

இது பிடிவாதமில்லை, அந்த வீட்டு நடைமுறை. காபி அம்மா ஒரு வாய் குடித்துச் சூடு பார்த்த பிறகுதான் நீதிபதிக்குப் போகும். குளிக்கிற வெந்நீரில் முதலில் அம்மாவின் விரல் இறங்கவேண்டும். புது நாற்காலி வாங்கினால் அம்மா ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுவாள். அவ்வளவு ஏன், மறுநாள் கோர்ட்டில் வாசிக்கப்போகிற தீர்ப்பைக்கூட முந்தின நாளே அம்மாவிடம் வாசித்துக்காட்டுவார். அது சட்டப்படி சரியா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. பிள்ளைகள் அம்மாவுக்கு 'கீழ்க்கோர்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதுவானாலும் கீழ்க்கோர்ட்டைத் தாண்டித்தான் மேல்கோர்ட்டுக்கு வரவேண்டும்.

"இதுக்கென்னங்க, நான் போறேன்," என்று அம்மா கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பெண்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார நேர்ந்த நீதிபதி, அது அரசாங்கக் கோப்பு என்கிற பாவனையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான். சின்னவன். தொழில், ஞாபகசக்திப் பயிற்சி. பேனரில் அவனுக்கு 'ஞாபகச் சிங்கம்' என்று போட்டிருந்தார்கள். நூறு சொற்களைச் சொன்னால் நேராகவும் தலைகீழாகவும் ஒப்பிப்பான். அன்று மதிய விழாவில் அவன்தான் சிறப்புப் பேச்சாளர். அப்பாவை அழைத்துவருவது யார் பொறுப்பு என்று முந்தின நாள் பேசி வைத்திருந்தது மட்டும் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அவன் அக்காவை ஓரமாக அழைத்துப்போய், படம் எப்படி வந்தாலும் மதியம் வரைக்கும் மூச்சு விடாதே என்று கேட்டுக்கொண்டான். விழாவில் அப்பாவை மேடையேற்றி, பழைய மதில்சுவர் வழக்குத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்லவைக்கப் போகிறானாம். 'இந்த வயதிலும் என் தந்தை' என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறானாம்.

"மறதின்னு சொல்லித்தானேடா ஸ்கேனுக்கே கூட்டிட்டு வந்திருக்கோம்?"

"அது வேறக்கா. இது மேடை."

அவனோடு சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. நடந்து உள்ளே போனாள்.

அம்மாவுக்கு ஊசி போட்டாகிவிட்டது. மருந்து மூளை வரைக்கும் போய்ச் சேரும்வரை ஓர் அறையில் தனியாகச் சாய்ந்திருக்கவேண்டும். பெரியவள் கண்ணாடிக்கு இந்தப்பக்கம், பேசுவதெல்லாம் மைக்கில்.

"ஏன் அங்கயே நிக்கறே? கிட்ட வந்து உட்காரேன்."

"ஊசி போட்டாச்சும்மா. இனிமே கிட்ட வரக் கூடாது. தினமும் எத்தனை பேருக்குப் போடறோம், ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் உட்கார்ந்தா அந்தக் கதிர் எனக்குச் சேர்ந்துடும்."

"அப்ப வராதே. அங்கயே இரு." கையை ஆட்டி இன்னும் பின்னால் தள்ளினாள். "உங்கப்பாவுக்கு முடிஞ்சுதா?"

"அவருக்கு இனிமேதான். நீதானே முதல்ல போறேன்னே."

அம்மா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் விளக்கைப் பார்த்தாள். பிறகு, நல்ல அறை, குளிர்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்றாள். பிறகு, உங்கப்பாவுக்கு முடிஞ்சுதா என்று கேட்டாள். பெரியவள் மறுபடியும் சொன்னாள். அறுபத்துச் சொச்சம் வயதில் புருஷனைப் பற்றி இத்தனை கவலையா என்று அலுத்துக்கொண்டாளே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை. மெஷினில் படுக்கவைத்துத் தலையைப் பட்டையால் கட்டும்போது மூன்றாவது முறையாகவும் அம்மா அதையே கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா," என்று சொல்லிவிட்டாள் பெரியவள். ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்க அலுப்பாக இருந்தது.

நல்ல மூளையின் படம் இலை உதிர்ந்த மரம் மாதிரி இருக்கும். நடுவே தண்டு, தண்டில் கிளை, கிளைக்கு நடுவே இருட்டான இடைவெளி. படிவு சேர்ந்த மூளையில் அந்த இடைவெளி அடைந்துபோயிருக்கும். கிளை எது, வெளி எது என்று பிரிக்க முடியாமல், மரத்தின் மேல் பனி இறங்கின மாதிரி ஓரம் வரைக்கும் ஒரே வெண்மை.

திரையில் பனி இறங்கியிருந்தது.

படம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளத்தான் அவள் முதலில் பார்த்தாள். இருபது வருஷத்தில் எத்தனை குடும்பங்கள் அப்படிக் கேட்டிருக்கின்றன: வேற யாரோடதையோ போட்டுட்டீங்களாம்மா? ஆனால் மாறுவதற்கு இன்னொரு படமே இல்லை. அன்றைக்கு முதல் ஆள் அம்மாதான். அப்பா இன்னும் வெளியே கைப்பையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

படிவு மட்டுமே நோயாகிவிடாது. அதைச் சுமந்துகொண்டு கடைசிவரைக்கும் தெளிவாக இருந்தவர்களும் உண்டு. படத்தோடு ஆளையும் சேர்த்துவைத்துப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் முடிவு சொல்லுவார். பெரியவள் படத்தோடு ஆளைச் சேர்த்துப் பார்த்தாள். உங்கப்பாவுக்கு முடிஞ்சுதா. உங்கப்பாவுக்கு முடிஞ்சுதா. உங்கப்பாவுக்கு முடிஞ்சுதா.

டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லவேண்டியவர் டாக்டர். அதனால் வேலையில் சேர்ந்த புதிதிலேயே எல்லோரும் ஒரு முகம் செய்துகொள்வார்கள். நல்லதும் தெரியாத, கெட்டதும் தெரியாத, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரின் முகம். கட்டி இருந்தாலும் அதே முகம், இல்லாவிட்டாலும் அதே முகம். பெரியவள் அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

நீதிபதி மகளை ஏற இறங்கப் பார்த்தார். பொய்ச் சாட்சிகளைப் பார்த்துப் பழகின கண்.

"உன் முகத்துல ஒண்ணுமே தெரியலையே," என்றார்.

"தெரியக் கூடாதுப்பா. அதான் வேலை."

"பெத்தவளோட படம் நல்லா இருந்தா எந்தப் பொண்ணும் முகத்தை இப்படித் துடைச்சு வெச்சுக்க மாட்டா." கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "வா. என் முறை."

கண்ணாடி அறையில் ஊசி போட்டுக்கொண்டு சாய்ந்த பிறகு அவர் பேசாமல்தான் இருந்தார். அவர் பேசாமலிருப்பது அபூர்வம் என்பதால் பெரியவள் பொத்தானை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டாள்.

"சாவியை நான் வைக்கலை," என்றார் அவர் கூரையைப் பார்த்து.

"எந்தச் சாவி?"

"எந்தச் சாவியும். குழாயும் நான் இல்லை. அடுப்பும் நான் இல்லை. நான் என்னிக்கும்மா அடுப்புப் பக்கம் போனேன்? தண்ணி வேணும்னாகூட உட்கார்ந்த இடத்துலேருந்து கையை நீட்டறவன். சமையலறை எந்தப் பக்கம்னு விசாரிச்சுத்தான் போகணும். நான் அடுப்பை அணைக்காம விட்டுட்டேன்னு அவ சொல்றா, நீங்க ரெண்டு பேரும் நம்பறீங்க. ஒருத்தி மூளையைப் படம் எடுக்கறவ, ஒருத்தன் ஞாபகத்துக்கு வகுப்பு எடுக்கறவன். ஒருத்தருக்காவது இது தோணுச்சா?"

தோன்றவில்லை. அம்மா சொன்னால் அது தீர விசாரித்த விஷயம் என்றே இருவரும் வளர்ந்திருந்தார்கள். கீழ்க்கோர்ட் தப்புச் செய்யும் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை.

"அப்புறம் ஏன்ப்பா இருக்கும் இருக்கும்னு ஒத்துக்கிட்டீங்க?"

"வீட்ல ரெண்டே பேர்தானே. நான் இல்லேன்னு சொன்னா, வேற யாருன்னு அவ யோசிப்பா. நான்னு சொல்லிட்டா அதோட விட்டுடுவா. சத்தம் போடுவா, திட்டுவா, அப்புறம் சாப்பிடக் கூப்பிடுவா. திட்டறதுக்கு மட்டும் ஒரு வார்த்தைகூட மறக்கலை."

அவளைத் தனியாக ஸ்கேனுக்கு அழைத்தால் வரமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். உனக்கு என்று சொன்னால் பயந்துபோவாள். எனக்கு என்று சொன்னால் எமலோகத்துக்குக்கூட முன்னாடி போய், சூடு எப்படி இருக்கு என்று பார்த்துவிட்டு வருவாள். அதற்குத்தான் இரண்டு வாரம் முரண்டு பிடித்து, பிறகு ஒப்புக்கொண்டது. இதையும் அவர் தீர்ப்பு வாசிக்கிற குரலில்தான் சொன்னார். தன் தந்திரத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பெரியவளுக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நாற்காலி கிடையாது.

"இப்ப கேட்டுக்க," என்றார் நீதிபதி. "நோய் எனக்கு. வீட்ல, வெளியில, சின்னவன்கிட்ட, எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லணும். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"என்னால முடியாதுப்பா. சொல்லப்போறது நான் இல்லை, பெரிய டாக்டர். மருந்து ஆரம்பிக்கணும்னாலும் அம்மாகிட்டத்தானே பேசணும்."

"மாத்திரையை என் பேர்ல எழுதிக் குடுக்கச் சொல்லு. எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அவதானே ருசி பார்ப்பா."

நாடே மதித்த சட்ட மூளை தீட்டிய திட்டம் இது. பெரியவள் சிரித்துவிட்டாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுத்தான் சிரித்தாள். அதனால் அது சிரிப்பாகவே முடிந்ததா என்பது உள்ளே இருந்தவருக்குத் தெரியாது.

மறுபடி பொத்தானை அழுத்தும்போது குரல் சரியாகிவிட்டது. "முந்தியே கண்டுபிடிக்கறது எதுக்குப்பா? டாக்டருக்குத் தெரியறதுக்கா, உங்களுக்குத் தெரியறதுக்கா? அம்மாவுக்குத் தெளிவு இருக்கும்போதே அம்மாவுக்குத் தெரியணும். என்ன பண்ணணும், யார்கூட இருக்கணும், எதெல்லாம் சொல்லி வெக்கணும்னு அவங்க முடிவு பண்ணணும். நீங்க மறைச்சா, அந்த நாளையெல்லாம் அவங்ககிட்டேருந்து எடுத்துக்கற மாதிரி."

"எடுத்துக்கறேன்," என்றார் நீதிபதி. "இத்தனை நாள் எல்லாமே அவகிட்டேருந்து எடுத்துக்கிட்டதுதானே."

அவருடைய படம் வந்தது. தண்டு, கிளை, இடைவெளி. கல்வெட்டு மாதிரி தெளிவாக இருந்தது.

மதியம் அரங்கம் நிறைந்தது. இயக்குநர் பேசினார். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்றார். அதையே வேறு மூன்று பழமொழிகளில் சொன்னார். நேரம் பொன்னானது என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன் என்று சொன்ன பிறகு வெகுநேரம் பேசினார். பெரியவள் கடைசி வரிசைச் சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரரிடம், மேடையில் நிற்பது தன் மகன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் போல. அவர் முதலில் ஆர்வமாகவும் பிறகு கொஞ்சம் குழப்பமாகவும் தலையாட்டுவது தெரிந்தது.

ஞாபகச் சிங்கம் நூறு சொற்களை ஒப்பித்தது. கைதட்டல் அடங்கும் முன்பே 'இந்த வயதிலும் என் தந்தை' வரியை எடுத்துவிட்டது. உடம்பில் கதிரியக்கத்தின் மிச்சத்தோடு நீதிபதி மேடையேறினார்.

மதில்சுவர் வழக்குத் தீர்ப்பு அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த விருந்தாளி எவரும் அதைக் கேட்காமல் செருப்பு மாட்டியதில்லை. நீதிபதி தொண்டையைச் செருமினார்.

"ஒரு சுவர் இரண்டு வீட்டைப் பிரிக்கிறது என்பது வாதியின் வாதம். அதே சுவர் இரண்டு வீட்டையும் தாங்குகிறது என்பது பிரதிவாதியின் வாதம். இந்நிலையில், இந்நிலையில்..."

நின்றுவிட்டார். அரங்கத்தைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார்.

"மறந்துபோச்சு," என்றார் மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி.

சின்னவன் முகத்தில் ரத்தமில்லை. பெரியவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். கிளை கிளையாக அந்தத் தெளிந்த மரத்தை அவள் பார்த்திருந்தாள். இதுவரை வீட்டுக்குள் ஒப்புக்கொண்டிருந்த குற்றத்தை மனிதர் இப்போது நானூறு சாட்சிகள் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறார். பெருமையைத் தவிர வேறு சொத்து சேர்க்காதவர். அதை மேடையில் வைத்துக் கொளுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"இந்நிலையில், சுவரை யார் கட்டினார் என்பதல்ல கேள்வி. சுவர் விழுந்தால் யார் வீடு விழும் என்பதே கேள்வி."

அம்மா. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு விடவேண்டிய இடத்தில் விட்டு, தீர்ப்பின் கடைசி வரி வரைக்கும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தாள். நீதிபதி தன் தீர்ப்பைத் தனக்கு எதிரே வாசிக்கக் கேட்ட குற்றவாளி மாதிரி நின்றார்.

ஞாபகத்தில் பழசு கடைசியில்தான் போகும், புதுசுதான் முதலில் போகும் என்பது பெரியவளின் அறையில் தினமும் சொல்லப்படுகிற பாடம். அரங்கத்துக்கு அது தெரியாது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் மைக்கைப் பிடுங்கி, இப்படிப்பட்ட நல்ல மூளைகளை நம்பித்தான் இந்தத் திட்டமே நடக்கிறது என்று முழங்கி, தனக்கு வந்த பூங்கொத்தை அம்மாவிடம் கொடுத்தார். இதுதான் பயிற்சியின் பலன் என்றான் சின்னவன். அம்மாவுக்கு அவன் எந்தக் காலத்திலும் பயிற்சி கொடுத்ததில்லை.

விழா முடிந்து, மூவரும் பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்தார்கள். சின்னவன் யார்யாரோடோ படம் எடுத்துக்கொள்ளப் போய்விட்டான். விழா நாள் என்பதால் டாக்டர் படங்களை உடனே பார்த்துவிட்டதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். நீதிபதி அந்தக் கதவைப் பார்க்காமலிருக்க முயன்றுகொண்டிருந்தார். பெரியவள் மெஷினில் காபி பிடித்துவந்து, வழக்கப்படி அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். "சூடு சரியா இருக்கு," என்று கையில் வைத்துக்கொண்டு, மடியிலிருந்த பூங்கொத்தைச் சரிசெய்தாள். நீதிபதி கையை நீட்டினார்.

"இருங்க, சூடு பார்க்கறேன்," என்று அம்மா இன்னொரு வாய் குடித்தாள். பிறகு, நடைபாதையில் தள்ளுவண்டியில் போன ஒரு கிழவரைப் பார்த்து, பாவம் என்றாள். பிறகு காகிதக் கோப்பையைப் பார்த்தாள். சூடு பார்த்தாள்.

நீதிபதி நீட்டிய கையை மடக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. இதற்கு முன்னும் பல முறை இப்படி நடந்திருக்கிறது என்பது, அவர் கை காத்திருந்த விதத்திலேயே பெரியவளுக்குத் தெரிந்தது.

கடைசியில் கோப்பை அவர் கைக்கு வரும் வழியில் அம்மா அதைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் கசடு மட்டும் இருந்தது.

"இதை யார் குடிச்சது?"

"நான்தான்," என்றார் நீதிபதி.

அம்மா கோப்பையைப் பார்த்தாள். அவர் மீசையைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பிறகு மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

"மேடையில இவர் மறக்கலை. நடிச்சார். எனக்குத் தெரியாதா? மறந்தா இவருக்குக் கோபம் வரும், நெற்றியைத் தடவ மாட்டார். யாருக்காக நடிக்கறார்னுதான் தெரியலை." குரலைத் தாழ்த்தினாள். "நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே, பெரியவளே. யார் குடிச்சது?"

நீதிபதி மகளைப் பார்த்தார். ஆயுளில் முதல்முறையாக அவர் பார்வையில் உத்தரவு இல்லை, மனு இருந்தது.

பெரியவள் தன் முகத்தைத் தேடினாள். இருபது வருஷமாக ஒரு நாளும் கைவிடாத, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற அந்த முகம். எங்கேயோ வைத்துவிட்டாள். கிடைக்கவில்லை.

"நீதாம்மா," என்றாள்.

அம்மா பூங்கொத்தில் வாடியிருந்த ஓர் இதழைக் கிள்ளி, எங்கே போடுவது என்று தெரியாமல் காலிக் கோப்பைக்குள் போட்டாள்.

"இருக்கும்," என்றாள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, டாக்டர் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார், யார் முதலில் என்று கேட்டுவிட்டு மறைந்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது. திறந்த அந்த ஒரு கணத்தில் உள்ளே திரை தெரிந்தது. அதில் ஓரம் வரைக்கும் வெள்ளையாக ஒரு படம்.

அம்மா பழக்கத்தில் எழுந்தாள். ஆனால் அவளுக்கு முன்பே நீதிபதி கதவருகே போய்விட்டார். திரைக்கும் அவளுக்கும் நடுவே போய் நிற்கிற வேகம் அந்த வயதுக்கு அதிகம்தான்.

அங்கே நின்றுவிட்டார். இத்தனை காலமும் கோர்ட் டவாலிச் சேவகனோ மனைவியோ திறந்துவிட்ட கதவுகளின் வழியாகவே நடந்த மனிதர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் முழித்தார்.

"தள்ளுங்க," என்றாள் அம்மா, பின்னாலேயே வந்து நின்று. "நானும் பார்க்கணும்."